எறும்புச் சாரைக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு: வாசகர் கேள்வி-பதில்

பள்ளி திறந்து மழையும் இரண்டு தூறல் போட்டதும் எறும்பு கண்ணில் படத் தொடங்கிவிடும். அங்கன்வாடியிலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலும் பாடம் நடத்தும் பலர், சின்னப் பிள்ளைகளுக்கு எறும்பை நேரில் காட்டிச் சொல்லித் தருவது எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வணக்கமுங்க. மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருபது பிள்ளைங்க எங்ககிட்ட இருக்காங்க. எறும்பைப் பத்திச் சொல்லித் தரணும்னா எங்க இருந்து தொடங்கறதுங்க? சுவத்துல மாட்டின படத்தைக் காட்டினா ஆகுமுங்களா?
(அங்கன்வாடிப் பணியாளர், தாராபுரம்)

பதில்: படத்தைக் கடைசியில் காட்டுங்கள். முதல் நாள் எதையும் விளக்காமல், ஆளுக்கொரு தாளும் க்ரேயானும் கொடுத்து, "எறும்பு வரைங்க கண்ணு" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு உருண்டை, நாலு கால், சிரித்த வாய் என்றுதான் வரும். திருத்த வேண்டாம். தாளின் பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளை வரையும் படத்தை இதன் பக்கத்தில் வைத்தால், அது எதைப் பார்த்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், பெற்றவர்களுக்கும் தெரியும்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதற்கு முந்தின நாள் நீங்கள் மட்டும் போய் இடம் பாருங்கள். கூட்டின் வாயருகே உட்கார வைக்கக் கூடாது. கூட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி, சுவரோரமாகவோ சிமெண்டுத் தரையிலோ போகும் சாரைதான் நல்ல இடம். செம்மண்ணில் சின்ன எறும்பு கண்ணுக்கு எடுபடாது. சிமெண்டில் கறுப்பு எறும்பு பளிச்சென்று தெரியும். நிழல் கட்டாயம் வேண்டும். சாரை மெல்லியதாக இருந்தால் அரை மணி நேரம் முன்னதாக ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரையை வழியிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிள்ளைகள் வரும்போது போக்குவரத்து கூடியிருக்கும்.

ஒரு தடவைக்கு ஐந்து பிள்ளைகள் போதும். மற்றவர்களை உதவியாளர் உள்ளே கதையோ விளையாட்டோ வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். சாரையிலிருந்து இரண்டு சாண் தள்ளித் தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, அதற்குப் பின்னால் குந்தி உட்காரச் சொல்லுங்கள். "தள்ளி உட்காரு, தள்ளி உட்காரு" என்று பத்து முறை கத்துவதை அந்தக் கயிறு மிச்சப்படுத்தும். எட்டு நிமிடம், மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் இந்த வயதில் கண் வேறு பக்கம் போய்விடும்.

நாளுக்கு ஒரே ஒரு கேள்விதான். முதல் நாள்: எங்கிருந்து வருது, எங்கே போகுது? இரண்டாம் நாள்: எது சும்மா போகுது, எது சுமந்துக்கிட்டுப் போகுது? மூன்றாம் நாள்: எத்தனை கால், அது உடம்பில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கு? மூன்றையும் ஒரே நாளில் கேட்டால் பிள்ளைகள் எறும்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பதில் எங்கே கிடைக்கும் என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் கேள்விக்கு ஓடுகிற எறும்பு உதவாது. ஒரே ஒரு கறுப்பெறும்பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரால் வெள்ளைத் தாளின் மேல் மூடி வையுங்கள். கொஞ்ச நேரம் சுற்றி ஓடிவிட்டு நின்று, முன்கால்களால் உணர்கொம்பை இழுத்துத் துடைக்கும். அந்த நொடியில்தான் ஆறு காலும் நடுப் பகுதியிலிருந்தே கிளம்புவது தெரியும். எறும்பை விட்ட பிறகு களிமண்ணில் செய்ய வையுங்கள். தலைக்கு ஒரு உருண்டை, நடுவுக்கு நீளமாக ஒன்று, பின்னால் பெரிதாக ஒன்று. சீமாற்று ஈர்க்கை ஒடித்து நடு உருண்டையில் மட்டும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால். தலையில் இரண்டு உணர்கொம்பு, முழங்கை மாதிரி மடித்து. நடுவையும் பின்பகுதியையும் ஒட்டிவிடாமல் ஒரு மிளகு அளவுக் களிமண்ணை இடையில் வைக்கச் சொல்லுங்கள். எறும்பின் இடுப்பு அதுதான்.

கேள்வி: எங்கள் பள்ளி வளாகத்தில் நாலைந்து விதமான எறும்பு இருக்கிறது. எது கடிக்கும், எது கடிக்காது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெற்றோர் பயப்படுகிறார்கள்.
(இரண்டாம் வகுப்பு ஆசிரியர், காங்கேயம்)

பதில்: பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எறும்பைத் தெரிந்துகொண்டுதான் பிள்ளைகளை அருகில் விட வேண்டும்.

பிள்ளையார் எறும்பு, சாமி எறும்பு என்று நாம் சொல்லும் சின்னக் கறுப்பெறும்பு வகுப்புக்கு ஏற்றது. கால் நீளமாக இருக்கும், தாறுமாறாக ஓடும், மனிதரைத் தொந்தரவு செய்யாது. கட்டெறும்பு பெரிதாக இருப்பதால் உறுப்புகளைப் பார்க்க இதைவிட நல்ல எறும்பு கிடையாது. ஒரே கூட்டில் சிறிய உடம்பும் பெரிய தலையுமாகப் பல அளவில் இருப்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆனால் கையில் எடுத்தால் தாடையால் கவ்விவிடும். டம்ளருக்குள் வைத்து மட்டும் பாருங்கள்.

மாமரம், கொய்யா மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு ஆபத்தானது. கூட்டமாக இறங்கிக் கடித்து, கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். பத்தடி தள்ளி நின்று கூட்டைக் காட்டலாம். வளர்ந்த எறும்புகள் இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் பிடித்து, அந்தப் புழு விடும் பட்டு நூலால் தைக்கின்றன என்பதைச் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். மரத்தடியில் மட்டும் நிற்க வேண்டாம்.

விலக்க வேண்டியது நெருப்பெறும்பு. செம்பழுப்பு நிறம், பொலபொலவென்ற மண்ணில் கூடு. சந்தேகம் இருந்தால் நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு, இரண்டடி நீளக் குச்சியால் கூட்டோரத்தை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஐந்து நொடிக்குள் கூட்டமாகக் குச்சியில் ஏறி வந்தால் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பூச்சிக்கடி ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். யாருக்காவது கடித்துவிட்டால் முதலில் எறும்பைத் தட்டிவிட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். சொறிய விடாதீர்கள். நெருப்பெறும்பு கொட்டிய இடத்தில் மறுநாள் சின்னச் சீழ்க்கொப்புளம் வரும். அதைக் கிள்ளக் கூடாது. குழந்தையின் தோலில் சுண்ணாம்பு தடவவே கூடாது, புண்ணாகிவிடும். உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெங்கும் தடிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: எறும்பு வாசனை பிடித்துத்தான் சாரையாகப் போகிறது என்று காட்டுவதற்காகத் தாளை வைத்துத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. என்ன தப்புங்க?
(ஆசிரியை, பல்லடம்)

பதில்: மூன்று இடத்தில் இது தவறும். எப்படித் திருப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "அது பாட்டுக்குப் போனது" என்பதை வைத்துப் பார்த்தால் தாளை அரைச் சுற்று திருப்பியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அரைச் சுற்று திருப்பினால் தாளின் நடுவில் இருக்கும் வாசனைக் கோடு மறுபடியும் அதே வழியோடு பொருந்திவிடும். எறும்பு போடும் கோட்டில் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் தீனி என்ற அம்புக்குறி பெரும்பாலும் இல்லை. அதனால் எறும்புக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. கால் சுற்று திருப்ப வேண்டும்.

சரியான முறை இது. ஏ-4 தாளை நாலாகக் கிழித்து ஒரு துண்டைச் சாரையின் குறுக்கே வையுங்கள். ஓரங்கள் தரையோடு படிய வேண்டும், தூக்கிக்கொண்டு நின்றால் எறும்பு அடியில் புகுந்து போகும். தாளுக்கு அந்தப் பக்கம் கூட்டின் எதிர்த்திசையில் அரைத் தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை. பிறகு குறைந்தது அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். இரண்டாவது தவறு நடப்பது இங்கேதான். பத்து நிமிடத்திலேயே திருப்பினால் தாளின் மேல் போதிய வாசனை படிந்திருக்காது. எறும்புகள் ஒற்றைக் கோடாகத் தாளைக் கடக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் மெல்ல ஒரு கோடு போட்டுவிட்டு, தாளைக் கால் சுற்று திருப்புங்கள். எறும்புகள் தாளின் விளிம்புக்கு வந்து நிற்கும், உணர்கொம்பை இடமும் வலமும் ஆட்டும், சில திரும்பி ஓடும். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு தேடிக் கடந்துவிடும், பின்னாலேயே மற்றவையும் வந்து புதுக்கோடு உருவாகும். குழம்புவதையும் வழி கண்டுபிடிப்பதையும் சேர்த்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மூன்றாவது உங்கள் ஊர்க் காற்று. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்குப் பல்லடம், உடுமலைப் பக்கம் தாளும் நிற்காது, சர்க்கரையிலும் புழுதி மூடிவிடும். கட்டடத்தின் கிழக்குச் சுவரோரம், காற்று மறைவில் செய்யுங்கள். தாளின் நாலு மூலையிலும் கூழாங்கல் வையுங்கள். பிள்ளையார் எறும்பு தாறுமாறாக ஓடுவதால் இந்தச் சோதனைக்கு ஆகாது. ஒற்றைக் கோடாகப் போகும் சின்ன எறும்பைத் தேர்ந்தெடுங்கள்.

தாள் இல்லாமலும் செய்யலாம். ஈர விரலால் சாரையின் குறுக்கே ஒரு முறை அழுத்தித் துடைத்தால் போதும். அந்த இடத்தில் எறும்புகள் தயங்கி நிற்கும். சாக்பீஸால் கோடு போட்டாலும் நிற்கும். ஆனால் சாக்பீஸ் தூளும் எறும்பின் காலைத் தடுப்பதால், வாசனை அழிந்ததால் நின்றதா, தூளால் நின்றதா என்று சொல்ல முடியாது. சாக்பீஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் விற்கும் எறும்புச் சாக்பீஸ் பூச்சிக்கொல்லி மருந்து. பார்க்க வகுப்பறைச் சாக்பீஸ் மாதிரியே இருக்கும். அதைப் பள்ளிக்குள் வைத்திருக்கவே வேண்டாம்.

கேள்வி: எறும்புக்கு என்ன தீனி பிடிக்கும் என்று வகுப்பில் சோதனை செய்யலாமா? என்னென்ன வைப்பது?
(கோபிசெட்டிபாளையம்)

பதில்: தாராளமாக. ஐந்து பாட்டில் மூடிகளை எடுத்து, கவிழ்க்காமல் தரையில் அரைவட்டமாக அடுக்குங்கள். சாரையிலிருந்து எல்லாம் ஒரே தூரத்தில், ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். அருகில் இருப்பதற்கு முதலில் போவதைப் "பிடித்திருக்கிறது" என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, தேங்காய்த் துருவல், பொடித்த கடலை, வடித்த சோறு, உப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றும் அரைத் தேக்கரண்டி வையுங்கள். மூடியின் விளிம்பு உயரமாக இருந்தால் ஒரு ஈர்க்கை ஏணி மாதிரி சாய்த்துவிடுங்கள்.

வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் கணிப்பைச் சொல்லட்டும். எந்த மூடிக்கு எறும்பு அதிகம் வரும் என்று நினைக்கிறதோ அதன் படத்துக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். பிறகு 10, 20, 30 நிமிடத்தில் மூடிக்குள் இருக்கும் எறும்புகளை எண்ணுங்கள். இருபதுக்கு மேல் போனால் "நிறைய" என்று எழுதினால் போதும்.

எல்லா எறும்பும் சர்க்கரைக்கே வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கூட்டில் புழுக்கள் நிறைய வளரும் காலத்தில் புரதம் தேவைப்படும், அப்போது கடலைக்கும் செத்த ஈக்கும் கூட்டம் சேரும். காட்டோரத்தில் விதை சேர்க்கும் எறும்பாக இருந்தால் சர்க்கரையைத் தாண்டிக் கம்புக்கும் ராகிக்கும் போகலாம். அதன் கூட்டு வாயைச் சுற்றி உமி வட்டமாகக் குவிந்திருப்பதே அடையாளம். எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தால் சோதனை கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். வந்ததை அப்படியே எழுதுங்கள்.

வீட்டு வாசலிலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பச்சரிசி மாவில் ஒரு சின்னக் கோலம், கடையில் வாங்கிய கோலப்பொடியில் அதே அளவில் இன்னொரு கோலம். கடைப் பொடி பெரும்பாலும் கல் மாவு. மாலைக்குள் எந்தக் கோலத்தின் புள்ளி குறைந்திருக்கிறது என்று பிள்ளையே பார்த்து வந்து சொல்லட்டும்.

கேள்வி: பாட்டிலில் மண் போட்டு எறும்பு வளர்க்கிற முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். போன வருசம் செய்ததில் மூன்றே நாளில் எல்லாம் செத்துவிட்டது. பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.
(தொடக்கப் பள்ளி ஆசிரியர், பொள்ளாச்சி)

பதில்: "வளர்ப்பது" என்று எண்ணாமல், திங்கள் முதல் வெள்ளி வரை விருந்துக்கு அழைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ராணி இல்லாத எறும்புகளுக்குக் குஞ்சு கிடையாது, கூட்டம் பெருகாது. ஒவ்வொன்றாகச் சாகத்தான் செய்யும். ராணிக்காகக் கூட்டைத் தோண்டுவது ஒரு குடும்பத்தையே அழிப்பதாகும், அதைச் செய்யாதீர்கள். ஐந்து நாளில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

இரண்டு லிட்டர் அளவுள்ள அகன்ற வாய்ப் பாட்டில் ஒன்றும், அதற்குள் சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கும் சின்னப் பாட்டில் ஒன்றும் வேண்டும். சின்னப் பாட்டிலை மூடி போட்டு நடுவில் நிறுத்தி, இடைவெளியில் மட்டும் மண்ணை நிரப்புங்கள். பாட்டில் முழுக்க மண்ணைக் கொட்டினால் எறும்பு நடுவில் தோண்டிக்கொண்டு போய்விடும், பிள்ளைகளுக்கு வெறும் மண்தான் தெரியும்.

மண் அதே இடத்துச் செம்மண்ணாக இருக்கட்டும். சலித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. காய்ந்த மண்ணில் சுரங்கம் சரிந்துவிடும், சேற்றில் பூஞ்சை பிடிக்கும். கரிசல் மண் வேண்டாம். காயக் காய வெடித்துச் சுரங்கத்தைப் பிளந்துவிடும், கறுப்பு எறும்பும் அதில் தெரியாது. விளிம்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே மண்ணை நிறுத்தி, கண்ணாடியை ஒட்டிப் பென்சிலால் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போடுங்கள். எறும்பு பெரும்பாலும் அந்தத் துளையிலிருந்தே தோண்டத் தொடங்கும், சுரங்கம் கண்ணாடியோரமாகவே போகும்.

எறும்பு 25 முதல் 30 போதும். எல்லாம் ஒரே சாரையிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். போன வருசம் செத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்: இரண்டு இடத்தில் பிடித்ததை ஒரே பாட்டிலில் போட்டால், வேறு கூட்டு வாசனையை அறிந்து ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும். தாளில் வெல்லத்தைத் தடவிச் சாரையோரம் வைத்து, மொய்த்ததும் தாளைப் பாட்டிலுக்குள் தட்டிவிடுங்கள். விரலால் பொறுக்கினால் கால் முறியும்.

பாட்டிலின் வாயில் வேட்டித் துணியை இரண்டாக மடித்து வைத்து ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுங்கள். மூடியில் ஆணியால் போடும் ஓட்டை எறும்புக்கு வாசல் ஆகிவிடும். பாதுகாப்புக்குப் பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்பு விடுங்கள். சோப்பு விடாத தண்ணீரின் மேல் சின்ன எறும்பு நடந்தே கடந்துவிடும்.

நனைத்துப் பிழிந்த பஞ்சு ஒன்று, பாட்டில் மூடியில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், கடுகளவு கடலைத் தூள். இதுதான் ஒரு நாள் சாப்பாடு. மறுநாள் காலையில் பழையதை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். பாசத்தில் பிள்ளைகள் பிஸ்கட்டும் மிட்டாயும் போடுவார்கள், அது பூஞ்சையாகி எல்லாம் கெடும். தீனி போடும் முறை அன்றைக்கு யாருக்கு என்று பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள் சுற்றி, பார்க்கும் பத்து நிமிடம் மட்டும் கழற்றுங்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் கண்ணாடியோரச் சுரங்கத்தை மண் வைத்து மூடிவிடும். எறும்புகளுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது என்பதால் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றினால் கழற்றாமலே பார்க்கலாம். வெயில் விழும் ஜன்னலில் அரை மணி நேரம் வைத்தாலே போதும், உள்ளே வெந்துவிடும். மூன்று நாளில் எல்லாம் சாவதற்குப் பெரும்பாலும் வெயிலும் வறண்ட மண்ணும்தான் காரணம்.

முதல் நாள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். தோண்டத் தொடங்க ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். இதை முன்னமே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். செத்த எறும்புகளை மற்றவை இழுத்துப்போய் ஒரு மூலையில் சேர்க்கும். மறைக்காமல் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த அதே சாரையோரம் திறந்துவிடுங்கள். வேறு கூட்டுக்கு அருகில் விட்டால் அங்கே தாக்கப்படும்.

கேள்வி: மழை வரப்போகிறது என்றால் எறும்பு வெள்ளையாக முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகும் என்போம். அது உண்மையில் முட்டைதானா?
(ஈரோடு)

பதில்: பெரும்பாலும் முட்டை இல்லை. எறும்பு முட்டை பொடியாக, மணல் துகள் அளவுதான் இருக்கும். தூரத்திலிருந்தே அரிசிக் குருணை மாதிரித் தெரிவது புழுவோ கூட்டுப்புழுவோ. முட்டை, புழு, கூட்டுப்புழு, எறும்பு என்று பட்டாம்பூச்சியைப் போலவே நாலு நிலை உண்டு. எறும்புக் குட்டி என்று ஒன்று கிடையாது. சின்ன எறும்பு வளர்ந்து பெரிய எறும்பு ஆகாது. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போதே அதன் முழு அளவு அதுதான். பிள்ளைகள் "இது அம்மா, இது பாப்பா" என்று அளவை வைத்துச் சொல்வது இயல்பு. "ரெண்டும் அக்கா தங்கச்சி" என்று திருத்தலாம், அது உண்மையும்கூட: வேலை செய்து நீங்கள் பார்க்கும் எறும்புகள் எல்லாம் பெண்கள், பெரும்பாலும் ஒரே ராணியின் மக்கள். கூட்டில் தண்ணீர் புகுந்தாலும், யாராவது கிளறினாலும், வெயில் ஏறினாலும் அவற்றை இடம் மாற்றும்.

கேள்வி: எறும்புப் புற்றும் கறையான் புற்றும் ஒன்றா?
(சென்னிமலை)

பதில்: ஆளுயரத்துக்கு இறுகி நிற்கும் புற்றைக் கட்டுவது கறையான். நம் பக்கத்து எறும்பு பெரும்பாலும் தரைக்குள் கூடு வைத்து, வாயைச் சுற்றிப் பொடிமண்ணை வளையமாகக் கொட்டும். கறையானை வெள்ளை எறும்பு என்று சொன்னாலும் அது கரப்பான் பூச்சிக்குத்தான் உறவு. அதற்கு எறும்பின் ஒடுங்கிய இடுப்பு இல்லை, உணர்கொம்பு மடியாமல் மணிமாலை மாதிரி நேராக இருக்கும். சிறகு முளைத்த கறையான்தான் ஈசல். மழைக்குப் பிறகு உதிர்ந்து கிடக்கும் ஈசல் இறகை எடுத்துப் பார்த்தால் நாலும் ஒரே நீளம். சிறகு முளைத்த எறும்புக்கு முன்சிறகு நீளம், பின்சிறகு குட்டை. ஒரு தாளில் இரண்டையும் ஒட்டி வைத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கேள்வி: பூதக்கண்ணாடி கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பார்க்கத் தெரியவில்லை. என்ன வாங்குவது?
(கரூர்)

பதில்: 75 மில்லிமீட்டர் அகலமுள்ள, மூன்று மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும். பத்து மடங்கு என்று விற்பது சின்னப் பிள்ளைகளுக்கு உதவாது. பார்க்கும் பரப்பு சுருங்கிவிடும், எறும்பு ஓடிவிடும். முதலில் உள்ளங்கை ரேகையில் பழக்குங்கள். கண்ணாடியைப் பொருளை ஒட்டி வைத்து, தெளிவாகத் தெரியும்வரை மெல்ல மேலே தூக்க வேண்டும். நிழலில் மட்டும் கொடுங்கள். வெயிலைக் குவித்தால் எறும்பும் வேகும், பிள்ளை கையும் சுடும், கண்ணுக்கும் கேடு.

கேள்வி: ஒரு பையன் எறும்பைக் கண்டாலே மிதிக்கிறான். இன்னொரு சின்னப் பெண் பார்த்தாலே அலறுகிறாள். இருவரையும் வைத்துக்கொண்டு எப்படி வகுப்பு நடத்துவது?
(ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, நாமக்கல்)

பதில்: மிதிக்கிற பையனிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். "சாமி, இந்த ஒரு எறும்பு எங்க போகுதுன்னு நீதான் பார்த்துச் சொல்லணும்" என்று, சுமையோடு போகும் ஒன்றைக் காட்டிப் பொறுப்பை ஒப்படையுங்கள். அது கூடு சேரும்வரை அவனே மற்றவர் காலை விலக்கிவிடுவான். "பாவம், கொல்லாதே" என்ற அறிவுரை இந்த வயதில் அரை நாள்கூட நிற்காது. எறும்போடு பழகிய பிறகு காலை வைக்க அவனுக்கே மனம் வராது.

பயப்படும் பெண்ணைக் கட்டாயப்படுத்தாதீர்கள். முதல் வாரம் அவள் எண்ணிக்கை எழுதுபவளாகத் தள்ளி உட்காரட்டும். அடுத்து டம்ளருக்குள் மூடிய எறும்பு. பிறகு அவளாகவே கயிற்றருகே வருவாள், வராவிட்டாலும் குறையில்லை.

கேள்வி: எண்ணும் எழுத்தும் வகுப்போடு இதைச் சேர்க்க முடியுமா?
(அவிநாசி)

பதில்: நன்றாகச் சேரும். கணக்குக்கு, சாரையின் குறுக்கே ஒரு நூலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, அதைக் கடக்கும் எறும்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கொட்டாங்குச்சியில் போடச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் என்றால் எண்ணிக்கை கைமீறும், 15 நொடி போதும். காலை பத்து மணிக்கு ஒரு முறை, நண்பகல் பன்னிரண்டுக்கு ஒரு முறை. இரண்டு கொட்டாங்குச்சியையும் வரிசையாகக் கொட்டி ஒப்பிட்டால் எது நீளம் என்று எண் தெரியாத பிள்ளைக்கும் தெரியும்.

மொழிக்குத்தான் எறும்பு பெரிய செல்வம். ஊர்கிறது, மொய்க்கிறது, அரிக்கிறது, சுமக்கிறது, இழுக்கிறது, தள்ளுகிறது, முட்டுகிறது, ஒதுங்குகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு செயல். சர்க்கரையைச் சுற்றி நிற்பதை "மொய்க்குது" என்றும், சுவரில் வரிசையாகப் போவதைச் "சாரையா போகுது" என்றும் பிள்ளை பிரித்துச் சொன்னால் அது உற்றுப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். எதிரெதிரே வரும் இரண்டு எறும்பு உணர்கொம்பால் தொட்டுக்கொள்வதைக் காட்டி, "என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். "பேசுது", "முத்தம் கொடுக்குது", "வழி கேட்குது" என்று வரும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். சில நேரம் அவை வாயோடு வாய் வைத்து, வயிற்றில் சேர்த்து வந்த நீர்த்தீனியை ஊட்டவும் செய்யும். நன்றாகக் குடித்து வந்த கட்டெறும்பின் பின்பகுதி உப்பி, கறுப்புப் பட்டைகள் விலகி, இடையில் வெளிறிய வரிகள் தெரியும். தீனி கிடைத்தது, கிடைக்காதது என்று அதை வைத்தே பிள்ளைகள் பிரித்துவிடுவார்கள்.

கேள்வி: கோவைக்குச் சுற்றுலா போகிறோம். எறும்பு சம்பந்தமாகப் பார்க்க ஏதாவது உண்டா?
(மேட்டுப்பாளையம்)

பதில்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. போவதற்கு முன் பள்ளியில் எறும்புச் சாரையைப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே ஊசி குத்தி வைத்திருக்கும் பூச்சிகளில் இடுப்பையும் உணர்கொம்பையும் பிள்ளைகளே தேடிக் காட்டுவார்கள்.

கேள்வி: எங்க வகுப்புப் பொண்ணு ஒருத்தி, "எறும்பு தூங்குமாங்க டீச்சர்?" என்று கேட்டாள். என்ன சொல்வதுங்க?
(உடுமலைப்பேட்டை)

பதில்: தூங்கும் என்று சொல்லுங்கள். நெருப்பெறும்பு இனம் ஒன்றை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், வேலைக்கார எறும்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தூங்குவது தெரிந்தது. ராணி அதைவிட நீளமாக, ஏறத்தாழ ஆறு ஆறு நிமிடமாகத் தூங்குகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் தூங்காததால்தான் கூடு எப்போதும் விழித்திருப்பதுபோல் தெரிகிறது. பாட்டில் வைத்திருந்தால் கறுப்புத் தாளை மெல்லக் கழற்றி, நடமாட்டத்துக்கு நடுவே அசையாமல், உணர்கொம்பையும் ஆட்டாமல் ஓரமாக நிற்கும் எறும்பு இருக்கிறதா என்று அவளையே தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்தால் பாட்டிலைத் தட்டாமல், அது மறுபடி அசையும்வரை எண்ணிக்கொண்டிருக்கட்டும்.